கம்பிவடப் பாதையில் ஒரு நாள்: கல்லிடைக்குறிச்சி மாடிப்படியிலிருந்து அவெராவ் உச்சி வரை

ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிற என் மச்சினன் ஒரு படம் அனுப்பியிருந்தான். செங்குத்துப் பாறையில் பல்லி மாதிரி ஒரு பெண் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் பக்கத்தில் பாறையோடு ஒட்டி இரும்பு வடம் ஒன்று மேலே ஓடுகிறது. கீழே ஒரு வரி: "அத்தான், லீவுல இதுக்குப் போலாம்னு இருக்கோம். நீங்க ஏறியிருக்கீங்கல்லா, என்னல்லாம் வாங்கணும்?"

என்ன வாங்க வேண்டும் என்பது பத்து நிமிஷப் பேச்சு. எப்படிப் பழக வேண்டும், எங்கே தப்பு நடக்கும் என்பதைப் போனில் சொல்லி முடியாது. நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அதனால் அவனுக்கு எழுதியதையே கொஞ்சம் நீட்டி எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில், இது என்ன பாதை

இத்தாலிய மொழியில் வியா ஃபெராட்டா என்பார்கள். இரும்புப் பாதை என்று பொருள். பாறையில் துளை போட்டு முளை இறக்கி, முளைக்கு முளை எஃகு வடத்தை இழுத்துக் கட்டியிருப்பார்கள். கால் வைக்க இடமே இல்லாத இடத்தில் இரும்புப் படியோ ஏணியோ இருக்கும். ஏறுகிறவர் இடுப்பிலிருந்து இரண்டு கொக்கிகள் அந்த வடத்தில் மாட்டியிருக்கும். ஆள் நகர நகரக் கொக்கியும் வடத்தில் வழுக்கிக்கொண்டே கூட வரும்.

ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் மலையில் 1843-லேயே இப்படி முளை அடித்து வழி செய்திருக்கிறார்கள். ஆனால் வடகிழக்கு இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளில் இது பரவியதற்கு முதல் உலகப் போர் முக்கியக் காரணம். 1915 முதல் 1917 வரை இத்தாலியப் படையும் ஆஸ்திரியப் படையும் அங்கே சிகரத்துக்குச் சிகரம் எதிரெதிராக உட்கார்ந்திருந்தன. ஆளும் குண்டும் சாப்பாடும் மேலே போயாக வேண்டும் என்பதற்காக ஏணியும் கயிறும் கம்பியும் போட்டார்கள். இன்றைக்கு நாம் விடுமுறைக்கு ஏறுகிற பாதைகளில் சில, அந்தச் சிப்பாய்கள் ஏறின வழிகள்தான்.

"நாங்க பொதிகையிலயே கயிறு பிடிச்சு ஏறினவங்க" என்று சொல்கிறவர்கள் உண்டு. 1,868 மீட்டர் அகத்தியர் மலையில் உச்சிக்குச் சற்று முன்னால் வழுக்குப் பாறைகளில் கயிறு தொங்கும். கேரளப் பக்கம் வனத்துறை அனுமதியோடு போகிறவர்களுக்கு அது தெரியும். நல்ல அனுபவம்தான், ஆனால் அந்தக் கயிறு கைப்பிடிக்கு மட்டும். கை விட்டால் ஆள் போனான். இங்கே சொல்லும் வடத்தில் கை விட்டாலும் உடம்பு வடத்தோடு பிணைந்திருக்கும். அந்தப் பிணைப்பைப் புரிந்துகொள்வதில்தான் பாதி வித்தை இருக்கிறது.

சாமான்

நாலே நாலு: ஹெல்மெட், ஹார்னஸ் என்ற இடுப்புப் பட்டை, இரட்டைக் கொக்கி செட், கையுறை. காலுக்கு அடிப்பாகம் விறைப்பான மலை ஷூ. முதல் தடவைக்கு எதையும் வாங்க வேண்டாம். மலையடிவார ஊர்களில் முதல் மூன்றையும் வாடகைக்குக் கொடுப்பார்கள். கையுறையை மட்டும் இங்கிருந்தே கொண்டுபோகலாம். பழைய வடத்தில் ஒற்றை இழை அறுந்து முள்ளாக நிற்கும். வெறுங்கையால் இழுத்தால் உள்ளங்கை கிழியும்.

செட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒய் எழுத்து மாதிரி இரண்டு கை, ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு கொக்கி. இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு சின்னப் பை இருக்கும். பையைத் திறந்தால் மடித்து மடித்துத் தைத்த நாடா. அதுதான் உயிர்.

கணக்கைப் பாருங்கள். முளைக்கும் முளைக்கும் நடுவே நாலு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீழ் முளையிலிருந்து மூன்று மீட்டர் ஏறிவிட்டீர்கள், கால் வழுக்கிவிட்டது. கொக்கி உங்களை அங்கேயே பிடித்து நிறுத்தாது. வடத்தில் சர்ரென்று கீழ் முளை வரை இறங்கும். அதற்குப் பிறகு செட்டின் கை நீளம் ஒரு மீட்டர். ஆக நாலு மீட்டர் விழுந்த உடம்பை ஒரு மீட்டர் நாடா சட்டென்று நிறுத்த வேண்டும். விழுந்த தூரத்தை நாடாவின் நீளத்தால் வகுத்தால் நாலு. சாதாரணப் பாறையேற்றத்தில், நீளும் கயிற்றோடு, இந்தக் கணக்கு இரண்டைத் தாண்டாது. நாலுக்கு வெறும் நாடா அறுந்துபோகலாம். அறாவிட்டால் இடுப்பு போகும். அந்த இழுப்பில் மடித்துத் தைத்த தையல் பட்படவென்று வரிசையாகப் பிரிந்து வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறை பிரிந்தால் அந்தச் செட் குப்பைக்கு.

இதிலிருந்து மூன்று விஷயம். ஒன்று, நாடாவைத் தானே முடிச்சுப் போட்டுச் செட் செய்கிற புத்திசாலித்தனம் வேண்டாம். இரண்டு, ஐரோப்பியத் தரக்குறி இ.என். 958, அதுவும் 2017-க்குப் பிந்தைய செட் என்றால் ஆள் எடை மட்டும் 40 கிலோவிலிருந்து, முதுகுப் பை, சாமானோடு சேர்த்து 120 கிலோ வரை உள்ளவருக்கு ஏற்றது. 40-க்குக் கீழே உள்ள பிள்ளைகளைச் செட்டை மட்டும் நம்பி ஏற்றக் கூடாது. மேலிருந்து பெரியவர் ஒருவர் தனிக் கயிற்றில் பிடிக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. சும்மா இருக்கும் கொக்கியைத் தொங்கவிடப் பிடிக்காமல் இடுப்புப் பட்டையின் தடித்த வளையத்தில் மாட்டிக்கொள்வார்கள். அப்படி மாட்டினால் இழுப்பு நேராகப் பட்டைக்குப் போய்விடும். தையல் பை வேலையே செய்யாது. நாலு மீட்டர் விழுந்து வெறும் நாடாவில் நிற்பதற்குச் சமம்.

செட் உயிரைக் காப்பாற்றும், அவ்வளவுதான். நாலு மீட்டர் விழும்போது வழியில் இரும்புப் படி இருக்கும், பாறை முனை இருக்கும். கால் முறியாது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. விழவே கூடாது என்ற எண்ணத்தோடுதான் ஏற வேண்டும்.

ஊரிலேயே பழகுவது

போவதற்கு மூன்று மாசம் முன்னால் தொடங்குங்கள். மூச்சுக்குப் படிக்கட்டு போதும். கடையம் பக்கம் தோரணமலைப் படிகளில் வாரம் இரண்டு நாள், விடிகாலையில், முதுகில் ஐந்து கிலோ பையோடு. ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள்; முழங்கால் அங்கேதான் பேசும். காட்டுக்குள் போய்ப் பாறை தேட வேண்டாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் என்பது விளையாட்டு மைதானம் இல்லை. அனுமதி இல்லாமல் போனால் வழக்கு வரும்.

கொக்கிப் பழக்கத்துக்கு எங்கள் வீட்டு மாடிப்படியே போதுமாக இருந்தது. கைப்பிடிக் குழாயை ஒட்டித் துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றை இழுத்து, ஒவ்வொரு கம்பியிலும் ஒரு முடிச்சு. முடிச்சுதான் முளை. இரண்டு கொக்கியையும் கயிற்றில் மாட்டி ஏற வேண்டும். முடிச்சு வந்ததும் முதல் கொக்கியைக் கழற்றி முடிச்சுக்கு மேலே மாட்டு, டக். பிறகு இரண்டாவது, டக். இரண்டும் ஒரே நேரத்தில் காற்றில் இருக்கவே கூடாது. இதில் விதிவிலக்கு கிடையாது, அவசரம் கிடையாது, "ஒரு செகண்டுதானே" கிடையாது.

புதுக் கொக்கிகளை உள்ளங்கையால் முதுகுப் பக்கம் அழுத்தினால்தான் வாய் திறக்கும். முதல் நாள் பத்து மாட்டலுக்குள் கட்டைவிரல் அடியில் எனக்குக் கொப்புளம் வந்தது. ஒரு வாரத்தில் கையுறையோடு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு இடது கையால் மட்டும். ஆச்சி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் பொறுக்காமல் கேட்டாள்: "ஏலே, மாட்டைக் கட்டுத மாதிரி உன்னயே கட்டிக்கிட்டு எதுக்குலே மாடிக்கும் கீழயும் அலையுத?"

அவளுக்கு நான் சொன்ன பதில் திருப்தியாக இல்லை. ஆனால் அவள் சொல்லித்தான் பக்கத்து விளையில் பனையேறும் பெரியவரிடம் போனேன். இந்த வழிகாட்டியில் அவரிடம் கற்றதுதான் எனக்கு முக்கியம்.

பனையேறியைப் பார்த்திருப்பீர்கள், பக்கத்தில் நின்று கவனித்திருக்க மாட்டீர்கள். கால் இரண்டையும் தளைநார் சேர்த்துப் பிடித்திருக்கும். கை மரத்தைக் கட்டித் தழுவுகிறது போலத் தெரியும். உண்மையில் கை உடம்பை மரத்தோடு நிறுத்துகிறது, அவ்வளவுதான். தூக்குவது கால். பெரியவர் இரண்டு எட்டு ஏறிக் காட்டினார், இரண்டு எட்டு இறங்கினார். "கைய நம்புதவன் பாதி மரத்துல நிப்பான் தம்பி" என்றார். "கைக்கு ரெத்தம் கொஞ்சந்தான். கால்தான் பாரம் சுமக்கப் பொறந்தது."

டோலமைட்ஸ் போய் முதல் நாளே அவர் சொன்னதை மறந்தேன். எல்லோரும் மறப்பார்கள். வடம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது இரண்டு கையாலும் அதை இழுத்து இழுத்து ஏறத் தோன்றும். இருபது நிமிஷத்தில் முன்கை கல்லாக இறுகிப்போயிற்று. விரலை விரிக்க முடியவில்லை. கொக்கியை அழுத்தினால் திறக்கவில்லை. கொக்கி திறக்காத கை என்றால் அடுத்த முளையைத் தாண்ட முடியாத ஆள். ஒரு படியில் நின்று கையைக் கீழே தொங்கவிட்டு உதறி உதறி, பின்னால் வந்த நாலு பேரைக் காக்க வைத்தேன்.

ஆகவே பழக்கத்தில் இதைச் சேருங்கள்: மாடிப்படியில் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இரண்டு இரண்டு படியாக, முன்பாதத்தால் அழுத்தி மெதுவாக ஏறுவது. கை கயிற்றைத் தொடலாம், இழுக்கக் கூடாது.

எந்தப் பாதை, எப்போது

பாதைகளுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று தரம் உண்டு. ஏ எளிது, ஈ கொடூரம். முதல் நாள் பி-யைத் தாண்ட ஆசைப்படாதீர்கள். டோலமைட்ஸில் ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். அதற்கு முன்னால் நிழல் பக்கப் பள்ளங்களில் பனி கிடக்கும், வடமே அதற்குள் புதைந்திருக்கலாம். குற்றாலத்தில் சாரல் பிடிக்கிற மாசங்கள்தான் அங்கே ஏறுகிற மாசங்கள் என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

ஊரிலிருந்து நேரே போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். எடுக்கும்போதே மலை மீட்பும் ஹெலிகாப்டரும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான் சொல்லப்போவது அவெராவ். கோர்ட்டினா ஊருக்கு மேற்கே, ஃபல்சரேகோ கணவாய்ப் பக்கம் இருக்கிறது. உச்சி 2,649 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637; அதைவிடப் பன்னிரண்டு மீட்டர்தான் கூட. வடம் உள்ள பகுதி சின்னது. முதல் நாளுக்கு வாய்ப்பான மலை.

அந்த நாள்

முந்தின இரவே வானிலை அறிக்கை பாருங்கள். கோடையில் மத்தியானத்துக்கு மேல் அங்கே இடி மேகம் கட்டுவது சாதாரணம். உச்சியில் பதினோரு மணி, கடைசி வடத்திலிருந்து ஒரு மணிக்குள் கீழே; அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் புறப்படுங்கள்.

பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், மழை ஜாக்கெட், ஒரு கம்பளி உடுப்பு, முதலுதவிப் பொட்டலம், தலை விளக்கு, விசில். தின்பதற்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நாலைந்து. அதற்கு இணை வேறில்லை. அல்வா கொண்டுபோனவன் ஒருவனை எனக்குத் தெரியும். கையெல்லாம் நெய்யாகி, கையுறைக்குள் கை நிற்காமல் அவன் பட்ட பாடு.

சிங்க்வே டோர்ரி, அதாவது ஐந்து கோபுரங்கள் என்ற பாறைக் கூட்டத்துக்கு நாற்காலி விஞ்சு போகிறது. முதல் நாற்காலியைப் பிடியுங்கள். அந்தப் பாறைகளுக்கு நடுவே இத்தாலியப் படையின் பதுங்கு குழிகளைச் செப்பனிட்டுத் திறந்தவெளி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதை இறங்கி வந்து பார்க்கலாம். அங்கிருந்து அவெராவ் விடுதி வரை ஏற்றப் பாதை, சாதாரண நடை. விடுதியில் கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். இது விளையாட்டாகச் சொல்வதில்லை. ஹார்னஸ் மாட்டின பிறகு பெரிய தொல்லை.

வடம் தொடங்கும் இடத்துக்கு ஐம்பது எட்டு முன்னாலேயே, சமதரையில், எல்லாவற்றையும் மாட்டிக்கொள்ளுங்கள். சுவரடியில் நின்று மாட்டினால் மேலே ஏறுகிறவர் காலில் படும் கல் உங்கள் தலைக்கு வரும். டோலமைட்ஸ் பாறை நம் பொதிகைப் பாறை மாதிரி வழவழவென்று ஒரே தகடாக இருக்காது, அடுக்கடுக்காக உதிரும். கால் வைக்க வசதி, கல் விழுவது அதற்கு விலை.

பிறகு ஒருவருக்கொருவர் சோதனை. பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இறுகியிருக்கிறதா? செட் நடு வளையத்தில் சரியாகக் கோத்திருக்கிறதா? தையல் பையின் ஜிப் மூடியிருக்கிறதா? ஹெல்மெட் வார் தாடைக்குக் கீழே இரண்டு விரல் மட்டும் போகிற அளவா? நான் ஒருமுறை வாடகைக்கு எடுத்த செட்டில் ஒரு கொக்கியின் வாய் முழுசாக மூடாமல் அரை மில்லி நின்றது. கடையில் பார்க்காமல் வாங்கிவந்தது என் தப்பு; சுவரடியில் கூட்டாளிதான் கண்டுபிடித்தான். அன்றைக்கு நான் ஏறவில்லை, விடுதியில் உட்கார்ந்து காப்பி குடித்தேன்.

இரண்டு கொக்கியையும் மாட்டியாயிற்று. முன்னால் போகிறவர் அடுத்த முளையைத் தாண்டும் வரை நில்லுங்கள். இரண்டு முளைக்கு நடுவே ஒரே ஆள். இது எழுதாத சட்டம். அவர் விழுந்தால் வடத்தில் வழுக்கி நேரே உங்கள் தலையில்தான் வந்து நிற்பார்.

அவெராவில் தொடக்கமே சுவர். ஆனால் படி படியாகப் பாறை விளிம்பு இருக்கும். முதலில் கண்ணால் இரண்டு எட்டு தேடுங்கள், கால் வையுங்கள், பிறகு எழுந்து நில்லுங்கள். இடுப்பு பாறைக்குப் பக்கத்தில், கை நீட்டமாக. முழங்கையை மடக்கித் தொங்கினால் தசை சீக்கிரம் களைக்கும். கை நீண்டிருந்தால் எலும்பு தாங்கும். வடத்தை ஒரு கை தொட்டிருக்க, மற்றக் கை பாறையைப் பிடிக்கட்டும். பாறை நன்றாகப் பிடி கொடுத்தால் வடத்தையே விட்டுவிடலாம், கொக்கி தன் வேலையைப் பார்த்துக்கொண்டு பின்னால் வரும்.

முளை வந்ததும் மாட்டாதீர்கள். முளை நெஞ்சு உயரத்துக்கு வரும்படி நல்ல காலடி எடுத்துக்கொண்டு, நின்று, பிறகு டக், டக். தலைக்கு மேலே எட்டி மாட்டினால் கண்ணுக்குத் தெரியாது. வாய் மூடாமல் வடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். சத்தம் கேட்ட பிறகு ஒரு சின்ன இழுப்பு இழுத்துப் பாருங்கள். மாட்டும் ஒவ்வொரு தடவையும்.

பயம் வரும். வந்தால் கீழே பார்க்காதே என்று சொல்வார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கால் வைக்கக் கீழே பார்த்தே ஆக வேண்டும். ஷூ முனை வரைக்கும் பாருங்கள், அதற்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கை விட்டுவிடுங்கள். கால் தடதடவென்று தையல் மிஷின் மாதிரி ஆடினால் குதிகாலைக் கீழே அழுத்துங்கள், நின்றுவிடும்.

வடம் முடிந்தபின் சரளைக்கல் சரிவு, பிறகு உச்சி. வடம் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார்கள், கழற்ற வேண்டாம். மேலே நின்று தென்மேற்கே பார்த்தால் பனி மூடின மர்மோலாடா, 3,343 மீட்டர், டோலமைட்ஸிலேயே உயரமானது. கடலைமிட்டாயை அங்கே தின்னலாம்.

இறக்கம் வந்த வழியே. அதனால் ஏறிவருகிறவர்களைச் சந்திப்பீர்கள். அகலமான இடம் பார்த்து நின்று அவர்களைப் போகவிடுங்கள். வடத்தில் ஆளைத் தாண்டி ஆள் போக நேர்ந்தால், நிற்கிறவர் இரண்டு கொக்கியோடும் பாறையை ஒட்டி நிற்க, நகருகிறவர் ஒவ்வொரு கொக்கியாக மாற்றிக்கொண்டு கடக்க வேண்டும். செங்குத்தான இடத்தில் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிப் பனையிறங்குகிற மாதிரி இறங்குங்கள். களைப்பும் "முடிஞ்சிட்டு" என்ற நினைப்பும் சேர்கிற நேரம் இது. ஒரு கொக்கியை மாட்டாமலே நடக்கிறவர்களை நான் பார்த்தது இறக்கத்தில்தான்.

இடி வந்தால், ஆள் மாட்டிக்கொண்டால்

மலை முழுக்கக் கட்டின இரும்பு வடம் மின்னலுக்கு விரித்த பாய். தூரத்தில் உறுமல் கேட்டவுடனே உச்சி ஆசையை விட்டுவிட்டு அருகிலுள்ள வழியில் இறங்குங்கள். இறங்க முடியாவிட்டால், வடத்தை விட்டு விலகிப் பாதுகாப்பாக உட்கார இடம் இருந்தால் மட்டும் விலகுங்கள். பையின் மேல் கால்களைச் சேர்த்துக் குத்தவைத்து உட்காருங்கள். சிகரம், விளிம்பு, குகை வாய் இந்த மூன்றும் ஆகாது.

உதவிக்கு 112. போன் எடுக்காவிட்டால் விசில்: நிமிஷத்துக்கு ஆறு தடவை, ஒரு நிமிஷம் இடைவெளி, மறுபடி ஆறு. கேட்டவர் நிமிஷத்துக்கு மூன்று தடவை பதில் சொல்வார். ஹெலிகாப்டர் வந்தால் உதவி வேண்டும் என்பதற்கு இரண்டு கையையும் மேலே விரித்து நில்லுங்கள்; வேண்டாம் என்றால் ஒரு கை மேலே, ஒரு கை கீழே. உற்சாகத்தில் ஒரு கையை ஆட்டி டாட்டா காட்டிவிடாதீர்கள்.

திரும்பி வந்தபின்

சொந்தச் செட் வாங்கிவிட்டீர்களானால் ஒரு வார்த்தை. வேர்வையும் மண்ணும் பட்ட நாடாவைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் காயவிட வேண்டும். வெயில் நைலானைத் தின்றுவிடும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் நம்பக் கூடாது. நான் அலசி வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் ஆச்சி அதை எடுத்து, நடு வெயிலில், அதே மாடிப்படிக் கொடிக்கயிற்றில், இரண்டு கொக்கியையும் சரியாக முடிச்சுக்கு இரண்டு பக்கமும் மாட்டிக் காயப்போட்டிருந்தாள்.